ஹாட்யாயில் உடைத்த தேங்காய்

என் வீட்டுக்காரரைப் போலீஸ் வண்டியில் ஏற்றியபோது, எங்கே கொண்டுபோகிறீர்கள் என்று கேட்கக்கூட எனக்கு அந்த ஊர்ப் பாஷை தெரியாது. மடியில் இரண்டு வயது மகள். கார்ச் சாவியும் போலீஸ் கையில். இனி அவர் முகத்தைப் பார்ப்பேனா என்றே தெரியவில்லை.

இது 1983 தீபாவளி விடுமுறையில் நடந்தது. நாங்கள் மலேசியாவில், ஈப்போ பக்கம் லகாட்டில் இருக்கிறோம். அவருக்கு ஈப்போவில் தொழிற்சாலை வேலை. பழைய கார் ஒன்று வாங்கியதும் மனிதருக்குக் கால் தரையில் பாவவில்லை. தாய்லாந்துக்கே ஓட்டிப் போகலாம் என்றார். அங்கே ரோட்டுச் சட்டம் வேறாக இருக்குமே என்றேன். அவனும் இடது பக்கம்தான் ஓட்டுகிறான், அதற்குமேல் என்ன சட்டம் என்று என் வாயை அடைத்துவிட்டார்.

அவர் எஸ்டேட்டில் பிறந்தவர். புது ஊரில் முதலில் கண்ணில் படும் கோயிலில் காய் உடைக்காமல் மேலே போகமாட்டார். எல்லை தாண்டி ஹாட்யாய் ஊரில் ஒரு முச்சந்தியில் மாலை போட்ட சின்னச் சாமி மாடம் தெரிந்தது. முன்னால் ரோட்டோரக் கல் நெடுகச் சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை. பார்த்தால் நம் கோயில் மதில்தான்.

"பாத்தியா, நம்ம கோயிலு. பட்டை அடிச்சிருக்கான்" என்று அங்கேயே காரை நிறுத்தி இறங்கினார். ஓங்கி ஒரு போடு. தேங்காய் சிதறியது.

ஆட்கள் ஓடிவந்தார்கள். அது அவர்கள் சாமி மாடம்; அதை இடிக்க வந்தவன் என்று நினைத்தார்கள் போல. போலீஸ்காரர் பட்டையைக் காட்டிக் கத்தினார், காரைக் காட்டிக் கத்தினார். இவர் கும்பிட்டுக்கொண்டே நின்றார். பிறகுதான் வண்டியில் ஏற்றினார்கள்.

நான் காருக்குள் உட்கார்ந்து அந்தத் தேங்காயைத் திட்டித் தீர்த்தேன். கூட்டம் கண்ணாடி வழியாக எங்களையே பார்த்தது. சாயங்காலம் எல்லையை மூடிவிடுவார்கள். அந்த நாட்டு ஜெயிலுக்குப் போனவன் திரும்புவதில்லை என்று ஊரில் பேசியது அப்போதுதானா நினைவுக்கு வரவேண்டும்? தாலியைப் பிடித்துக்கொண்டு எங்கள் காவல் தெய்வத்தைக் கூப்பிட்டு அழுதேன்.

"முனியப்பா, இங்க எனக்கு யாரையும் தெரியாது. நீதான் வரணும்."

வேறு மந்திரம் எனக்குத் தெரியாது.

யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள். தூக்கிவாரிப் போட்டது. தொப்பி போட்ட ஒரு பெரியவர். "தங்கச்சி, பயப்படாத. நானும் தமிழ்தான்" என்றார். எனக்கு அழுகை இன்னும் கூடிவிட்டது.

பினாங்கிலிருந்து வந்து எதிரே துணிக்கடை வைத்திருக்கும் பாய் அவர். எங்களைப் போலீஸ் நிலையத்துக்குக் கூட்டிப்போய், அவர்கள் மொழியில் பேசி, அபராதத்தோடு என் வீட்டுக்காரரை மீட்டுத் தந்தார். சிவப்பு வெள்ளைப் பட்டை இருக்கும் இடத்தில் வண்டியை நிறுத்தவே கூடாதாம், அது இந்த நாட்டுச் சட்டமாம். கேட்டுக்கொண்டு நின்ற என் வீட்டுக்காரர் தலை நிமிரவில்லை.

புறப்படும்போது, நாங்கள் தமிழர் என்று எப்படித் தெரிந்தது பாய் என்று கேட்டேன்.

"மாடியில துணி அடுக்கிட்டிருந்தேன். காய் உடைக்கிற சத்தம் கேட்டுச்சு. இந்த ஊர்ல அப்படி உடைக்கிறவன் நம்ம ஆளாத்தான் இருப்பான்லா. கையில இருந்த வேலைய முடிச்சிட்டு எறங்கி வந்தேன்" என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. நான் திட்டிய அந்தத் தேங்காய்தான் அவரை அழைத்திருக்கிறது.

இப்போதெல்லாம் என் வீட்டுக்காரர் அந்தந்த ஊர்ச் சட்டத்தைக் கேட்டறிந்த பிறகே சாவியைத் தொடுகிறார். முனியப்பன் சன்னதியில் காய் உடையும் சத்தம் கேட்டால் எனக்குக் கண் நிறைந்துவிடும். உங்களுக்கும் ஒருநாள் யாருமில்லாத இடத்தில் பயம் வரும். கூச்சப்படாமல் அவனைக் கூப்பிடுங்கள். நான் கூப்பிடும் முன்பே அந்தக் காய் உடைந்த சத்தம் அவன் காதில் விழுந்திருந்தது.