படகின் முன்பலகையில் என் முகம்

திருவொற்றியூர்க் கடற்கரையில், ஒரு புதுப் படகின் முன்பலகையில் நின்ற அந்த மீசைக்காரனை இன்று நினைத்தாலும் கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்வேன். அவனை வரைந்தவன் நான்தான். டோல்கேட்டில் சித்தப்பாவின் மளிகைக் கடைக்குப் பெயர்ப்பலகை எழுதிய கையை நம்பி, ஒரு படகுக்காரர் தம் புதுப் படகில் வீரன் ஒருவனை வரையச் சொன்னார். வீரனுக்கு மாதிரி தேடி எங்கே போவது? வீட்டுக் கண்ணாடியைப் பார்த்தேன். முகத்தை அப்படியே எடுத்துக்கொண்டேன், தாடை மச்சம் உட்பட. மற்றதெல்லாம் என் தாராள மனசு: தேக்குக் கதவு போல மார்பு, காதைத் தொடும் மீசை, காலடியில் ஒரு சுறா. எண்ணூரிலிருந்து ராயபுரம் வரை நீந்தியே போய்வருகிறவன் என்று அவனுக்கு மனத்துக்குள் ஒரு கதையும் கட்டியிருந்தேன். எனக்கோ முழங்கால் நனைந்தாலே மூச்சு முட்டும்.

படகுக்காரர் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "இன்னா நைனா, இது நீதானே? மச்சம் கீது பாரு."

பெருமையாகத் தலையாட்டித் தொலைத்தேன். அந்தக் குப்பத்தில் ஒரு வழக்கம். படகில் யார் உருவம் இருக்கிறதோ, அவர் முதல் நாள் அதில் ஏறி அலையைத் தாண்டி வர வேண்டும். இதைத் தலையாட்டிய பிறகுதான் சொன்னார்கள்.

"அண்ணே, மச்சத்தை அழிச்சிருதேன். அப்போ அது வேற ஆளு."

"பூசை போட்டாச்சு நைனா. இனிமே அதும்மேல கை வெக்கக் கூடாது." அவர் சிரிப்பு நின்றுபோயிற்று. "நீ ஏறலன்னா ஒருத்தனும் இதுல கால் வெக்க மாட்டான். அப்பறம் வூட்ல அடுப்பு எரியாது."

மறுநாள் விடியலில் என்னைத் தூக்கிப் படகில் வைத்தார்கள். நானே தாவி ஏறியதாகத்தான் ஊரில் சொல்லிவைத்திருக்கிறேன். முதல் அலையில் படகின் மூக்கு வானத்துக்கு எழுந்தது. பிறகு அடியில்லாத கிணற்றில் விழுவதுபோல் இறங்கியது. காதில் தண்ணீர், வாயில் உப்பு. கரை எந்தப் பக்கம் என்பதே தெரியவில்லை. கத்துகிறேன், என் குரல் எனக்கே கேட்கவில்லை. சாவுக்கு இவ்வளவு சத்தம் இருக்கும் என்று நான் எண்ணியதில்லை. முன்னால் ஒருவன், என் முகத்தோடு, ஒவ்வோர் அலையையும் எனக்கு முன்பாக வாங்கிக்கொண்டிருக்கிறான் என்பது அப்போது நினைவுக்கு வந்தது. அவனுக்குக் கண்ணை மூடிக்கொள்ளவும் வழியில்லை. அகல விழித்தபடி அல்லவா வரைந்திருந்தேன்? வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டுக்கொண்டே கத்தினேன்.

அலை உடையும் இடத்தைத் தாண்டியதும், "நைனா, லுங்கிய உடு, அவுந்துடப் போவுது" என்றார் படகுக்காரர். பலகை என்று நான் பற்றியிருந்தது அவர் இடுப்பை.

"அண்ணே, திரும்பிப் போறதும் இதே அலை வழியாத்தானா?"

"இல்ல, உனுக்குன்னு தனியா ரோடு போட்டு வெச்சிகிறாங்க."

எப்படிக் கரை சேர்ந்தேன் என்று கேட்காதீர்கள். அப்போது நான் அங்கே இல்லை. மணலில் முகம் புதைய விழுந்து எழுந்தபோது, படகுக்காரரின் ஆட்கள் நால்வர் வலையோடு அந்தப் படகில் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

வருஷங்கள் போய், எனக்குத் தொந்தியும் நரையும் வந்துவிட்ட இந்தக் காலத்தில், அவர் இரண்டாவது படகு வாங்கினார். "அதே மீசைக்காரனப் போடு நைனா" என்று சொல்லியனுப்பினார். போய், ஒரு வஞ்சிர மீனை வரைந்துவிட்டு வந்தேன். அதை முதல் நாள் கடலுக்கு அழைத்துப்போவதில் யாருக்கும் சிரமம் இருக்காது.