செங்கமலத்துக்குக் கேட்ட குரல்

ஒரகடம் கார் தொழிற்சாலையில் வேலை பார்த்த புருஷோத்தமன், காதில் யாரோ பேசுவதாக மனைவி செங்கமலம் சொன்னபோதெல்லாம், "சும்மா நடிக்காத!" என்று அதட்டுவான். மனச்சிதைவு என்று மருத்துவர் சொல்லியும் அவன் முழுதாக நம்பவில்லை. மாத்திரைக்கும் குரல் அடங்காததால், சென்னையில், குரல் கேட்டால் அழுத்த ஒரு பட்டனைக் கையில் கொடுத்து, அவள் மூளையை ஸ்கேன் செய்தார்கள்.

"குரல் கேக்குதுன்னு அவங்க பட்டனை அழுத்தறப்பல்லாம், மூளையில பேச்சைக் கேக்கற இடம் வேலை செய்யுது. அவங்களுக்கு நெசமாவே கேக்குதுங்க. தலைமேல காந்தம் வச்சு அந்த இடத்தை அமைதிப்படுத்தப் பாப்போம்," என்றார் மருத்துவர்.

புருஷோத்தமனால் மனைவியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

சிகிச்சையில் குரல் தணிந்தது. ஆனால் முழுதாகப் போகவில்லை. ஒருநாள் ஷிப்ட் முடிந்து வந்தவன், "இப்ப இன்னா சொல்லுது?" என்று முதல்முறையாகக் கேட்டான்.

அவள் தயங்கினாள். "சொன்னா திட்டமாட்டியே?"

'மாட்டேன்' என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்தான்.