அடுத்த வாசலில் ஒரு சாண்

கியோத்தோவில் உதிரும் மேப்பிள் இலைகளில் பாதி எங்கள் சந்தில்தான் விழுகின்றன. சரி, பாதி என்பது அதிகம்தான். மலையடிவாரத்துக் கோயில்களெல்லாம் என்னோடு சண்டைக்கு வரும். ஆனால் எங்கள் சந்துக்காரர்கள் விடிந்ததும் துடைப்பத்தைத்தான் தேடுவார்கள் என்பதில் கலப்படமில்லை.

பெருக்குவதற்கு ஒரு முறை உண்டு. தன் வாசலோடு, எல்லைக் கல்லைத் தாண்டி அடுத்த வீட்டு வாசலிலும் ஒரு சாண் பெருக்க வேண்டும். அந்தச் சாணையும் விட்டால் மனசில் ஈரமில்லாதவர். அதைத் தாண்டினாலோ, ‘உன் வாசல் குப்பை’ என்று முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி.

ஊதுபத்திக் கடை குன்பெய் அதில் தவறியதே இல்லை. மனைவி போய்ச் சேர்ந்து வெகுகாலம். பேச்சு குறைவு, அவருக்கும் சேர்த்துப் புகைதான் பேசும். அவர் தெருவில் வந்தால் சந்தனமரம் ஒன்று எழுந்து நடப்பதுபோலிருக்கும். பூனைகள் பின்னாலேயே போய், கோயில் மணி கேட்டதும் படியில் சுருண்டு தூங்கிவிடும். பக்கத்து வீட்டு இசோனோ, கோயில் பார்க்க வருகிறவர்களுக்கு இரண்டு அறைகளை விட்டு, டோஃபு சமைத்துப் போடுகிறவள். அவளும் தனிக்கட்டை, சரியான வாயாடி. இருவருக்கும் நடுவே அந்த ஒரு சாண்தான் உறவு.

ஓர் இலையுதிர்காலத்தில் இசோனோவின் அண்ணன் ஒசாகாவிலிருந்து வந்தார். விடுதியை மூடிவிட்டுத் தன்னோடு கிளம்பச் சொன்னார். அவளும் தலையாட்டிவிட்டாள்.

நான் குன்பெய்யின் கடைக்கு ஓடினேன். “போயிடப் போறாங்க. ஏதாவது சொல்லுங்களேன்!”

“என்னத்தச் சொல்ல? இன்னைக்கு வானம் நல்லாருக்குன்னா?” என்றார்.

மறுநாள் காலையில் அப்படியொரு மூடுபனி. அடுக்குக் கோபுரம் இடுப்புக்குக் கீழே காணாமல் போய் அந்தரத்தில் மிதந்தது. மணியோசை எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று மணிக்கே தெரியவில்லை. அந்தப் பனிக்குள் குன்பெய் தூக்கத்தில் நடப்பவர்போலப் பெருக்கிக்கொண்டே போனார். சாண் தாண்டியது. முழம் தாண்டியது. இசோனோவின் படியே வந்துவிட்டது. எதிரே என் வீட்டுச் சன்னலில் நான் மூச்சை அடக்கினேன்.

கதவு திறந்தது.

“அடேயப்பா, குன்பெய் ஐயா! என்ன சுறுசுறுப்பு! நான் இன்னும் ரயிலே ஏறலை, அதுக்குள்ள பெருக்கித் தள்ளிட்டீங்களே!”

எங்கள் ஊரில் திட்டைவிடப் புகழ்ச்சிக்குத்தான் முள் அதிகம். குன்பெய் காலடி இலையைவிடச் சிவந்துபோனார். தொலைந்தால் சரி என்று அவர் நினைப்பதாக எண்ணிக்கொண்டே அவள் ரயிலேறிவிட்டால்?

“எல்லை எங்கன்னு தெரியலைங்க” என்றார். அப்புறம், துடைப்பத்தைப் பார்த்துக்கொண்டே, “அது இல்லாமலே இருந்தாத் தேவலைன்னு தோணிச்சு.”

இசோனோ கதவைச் சாத்திக்கொண்டாள். அன்று முழுக்க குன்பெய் ஊதுபத்திகளைத் தலைகீழாகக் கொளுத்திக்கொண்டிருந்தார்.

அடுத்த விடியலில் துடைப்பச் சத்தம் கேட்டு எட்டிப்பார்த்தேன். இசோனோ! தன் வாசலை முடித்து, குன்பெய்யின் வாசலையும் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பெருக்கி, இரண்டு வீட்டு இலைகளையும் ஒரே குவியலாகக் கூட்டிவிட்டாள். அண்ணன் தனியாகத்தான் ரயிலேறினார்.

இதுவரை எழுதியதை அவர்கள் வீட்டிலேயே உட்கார்ந்து வாசித்துக் காட்டினேன். குன்பெய் கண்ணை மூடிக் கேட்டார். இசோனோ தேநீர் ஊற்றுவதை நிறுத்தினாள்.

“பனியா? எந்தப் பனி, அக்கா? அன்னைக்கு வெயில் பளிச்சுன்னு அடிச்சுது. எல்லைக் கல்லு மாடியிலேர்ந்து எனக்கே தெரிஞ்சுது!”