ரிப்பன் கட்டிய தொலைநோக்கி

தலைநகர் அக்ராவுக்கு வெளியே, குன்றடியில் நிற்கும் அந்தப் பெரிய தட்டு ஒரு காலத்தில் தொலைபேசிப் பேச்சைச் சுமந்தது. இப்போது தொலைநோக்கியாகி வானத்தின் ரேடியோ அலைகளைக் கேட்கிறது. அதைத் திருப்பும் பழைய மோட்டார்களைக் கழற்றிப் புதியவை பூட்டி, எட்டு மாதம் கேபிள் இழுத்துக் கணினியோடு இணைத்தவள் செனாம். கேட்டா என்னும் கடலோர ஊர்க்காரி. முன்பு பீர் ஆலையில் பாட்டில் நிரப்பும் இயந்திரங்களைப் பழுது பார்த்தவள். அங்கே குடித்தவர்கள்கூட இவ்வளவு உளறியதில்லை என்பாள்.

சொன்னது இயக்குநர் டாக்டர் ஓப்லிட்டேயை மனதில் வைத்துத்தான். புது அமைப்பின் திறப்பு விழாவுக்கு அவர் பந்தல் போட்டார், பித்தளை வாத்தியக் குழு பிடித்தார், விழாத் தலைவரை அறிமுகப்படுத்தவே இன்னொரு தலைவர் பார்த்தார். பிறகு தட்டைத் தரையளவு சாய்க்கச் சொல்லி, அதன் விளிம்பிலிருந்து பந்தல் கம்பம் வரை ரிப்பன் கட்டினார். விழாவுக்கு வரும் மந்திரி அதை வெட்டித் தொலைநோக்கியையே திறக்க வேண்டுமாம்.

அன்று பதினொன்று இருபதுக்கு மூன்று நாட்டுத் தட்டுகள் ஒரே விண்மீனைப் பார்க்க இருந்தன. இவர்களுடையதும் சேர்ந்து பார்த்தால்தான் அந்த நாடுகளின் தொலைநோக்கிக் கூட்டமைப்பில் இடம். தவறினால் அடுத்த வாய்ப்புக்கு ஒரு வருடம். செனாம் இதை மூன்று முறை எழுதிக் கொடுத்திருந்தாள்.

"விண்மீன் எங்க ஓடிடப் போகுது மேடம்? மந்திரிதான் ஓடிடுவார்," என்றார் இயக்குநர்.

"விண்மீன் ஓடாது டாக்டர். பூமி சுத்துது. அது யாருக்காகவும் நிக்காது."

பத்து மணிக்கு வர வேண்டிய மந்திரி பதினொன்றுக்கும் வரவில்லை. விருந்தினர்கள் நிகழ்ச்சி நிரலால் விசிறிக்கொண்டு, மீன் பொரியும் வாசனைக்குத் தலையைத் திருப்பிக்கொண்டிருந்தார்கள். செனாம் அபாயச் சங்கை ஒலிக்கவிட்டாள். தட்டின் அருகே இருந்தவர்கள் விலகி ஓடினார்கள். அவள் கேபிள் வெட்டும் கத்தரியோடு நடந்துவந்து ரிப்பனை வெட்டினாள்.

ரிப்பன் விழுந்ததும் வாசிக்க வேண்டும் என்பது வாத்தியக் குழுவுக்கு உத்தரவு. வாசித்தார்கள். வாத்தியம் கேட்டதும் கூட்டம் கைதட்டியது. யார் வெட்டியது என்று ஒருவரும் பார்க்கவில்லை.

இயக்குநர் மூச்சிரைக்க வந்தார். "யாரைக் கேட்டு வெட்டினே?"

"வாசிச்சு முடிச்சுட்டாங்க டாக்டர். கைதட்டியும் ஆச்சு. இனி திறக்கலைன்னு சொல்ல முடியாது."

கட்டுப்பாட்டு அறைக்குத் திரும்பி அவள் பொத்தானை அழுத்த, தட்டு முனகலின்றி எழுந்தது. பதினொன்று இருபதுக்குத் திரையில் அந்த விண்மீனின் அலைக்கோடு மெல்ல ஏறியது. அதை அவள் தனியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மந்திரி ஒன்றேகாலுக்கு வந்தார். தட்டு வானத்தைப் பார்த்து நின்றது; அதை விட்டால் வளாகத்தில் புதிதாய் வண்ணம் அடித்திருந்தது கழிப்பறை ஒன்றுதான். அதன் கதவில் மிச்ச ரிப்பனைக் கட்டி, மந்திரி வெட்டுவதைப் படமெடுத்தார்கள். படத்துக்குப் பொருந்த வேண்டுமென்று, 'வானத்தின் வாசலைத் திறந்துவைத்தார்' என்று மந்திரி பெயரோடு செதுக்கிய கல்லையும் இயக்குநர் அதே சுவரில் பதிக்கச் சொன்னார்.

கூட்டமைப்பில் சேர்த்துக்கொண்ட கடிதம் ஆறு வாரத்தில் வந்தது. இயக்குநர் அதற்குச் சட்டம் போட்டுத் தன் அறையில் மாட்டியிருக்கிறார். செனாமுக்கு அதைப் பார்க்க நேரமில்லை. கிரீஸ் கையைக் கழுவப் போகும்போது கல்லைத்தான் தினமும் படிக்கிறாள்.