பியானோ அக்காவின் காது

நாங்கள் மூன்று பேர். பியானோ அக்கா, டிரம்ஸ்காரன், பேஸ் வாசிக்கிற நான். என்னைவிட உயரமான நாலு தந்தி வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு அலைவதால் அக்கா எனக்கு வைத்த பெயர் ஏணி. வாரத்தில் நாலு சாயங்காலம் ஒரு ஹோட்டலின் முன்கூடத்தில் ஜாஸ் வாசிக்கிறோம். ஜாஸ் என்றால் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. பாட்டை ஒருமுறை ஒழுங்காக வாசிப்போம். பிறகு ஆளாளுக்கு அதன்மேல் இஷ்டத்துக்குக் கற்பனை செய்வோம். கடைசியில் நல்ல பிள்ளைகளாகப் பாட்டுக்கே திரும்பி வருவோம். நடுவில் வழி தவறினால் கேட்பவர்களுக்குத் தெரியாது. எங்களுக்குத்தான் உயிர் போய்விடும்.

பகலில் அக்கா டீச்சர். வீட்டுக்காரர் மருந்துக்கடைக்குக் கிளம்பியதும் முன்னறையில் வகுப்பு தொடங்கிவிடும். மாணவர்களில் ஒருவர் ஓய்வுபெற்ற போலீஸ் இன்ஸ்பெக்டர். ஊரையே அதட்டி வைத்திருந்த மனிதர், அக்கா பென்சிலைக் கையில் எடுத்தால் வியர்த்துப் போவார். "விரலா அது, லத்தியா? மெதுவா வைங்க சார், அது ஒண்ணும் திருடன் இல்ல" என்பார் அக்கா. சமையலறையில் இருந்தபடியே எந்தக் கட்டை தப்பு என்று சொல்லிவிடுகிற காது அது. அந்தக் காதை நம்பித்தான் எங்கள் மூவரின் பிழைப்பும் இருந்தது.

போன வருஷம் பியானோவின் வலது ஓரத்தில் இருக்கும் மேல் ஒலிக் கட்டைகள் கெட்டுவிட்டன என்று சுருதி சேர்ப்பவரை அக்கா வரவழைத்தார்.

"அடிச்சா டக்கு டக்குன்னு கட்டைச் சத்தம் மட்டும்தான் வருது. தந்தி அறுந்திருக்கும், பாருங்க."

அவர் மூடியைத் திறந்து பார்த்தார். தந்திகள் எல்லாம் பத்திரமாக இருந்தன. ஒவ்வொரு கட்டையாக அடித்தார்.

"நல்லாத்தானேம்மா கேக்குது?"

அக்கா தானும் அந்தக் கட்டைகளை ஒருமுறை அடித்துப் பார்த்தாராம். பிறகு, "ஆமா, இப்ப சரியாயிடுச்சு" என்று சொல்லி, யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு அனுப்பினாராம். அந்த மனிதர் வாயில் எதுவும் தங்காது. சாயங்காலத்துக்குள் என்னிடம் கொட்டிவிட்டார். கெட்டது கட்டைகள் இல்லை என்று எனக்குப் புரிந்துவிட்டது.

அதற்குப் பிறகு நான் பார்த்ததெல்லாம் பயமாகவே இருந்தது. வெளிச்சத்தில் கண் கூசுகிறது என்று சொல்லி அக்கா என்னை மேடையில் தன் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாற்றினார். இன்ஸ்பெக்டரின் தப்புகளைக் கேட்டுப் பிடிப்பதை விட்டுவிட்டு, அவர் பக்கத்திலேயே நாற்காலி போட்டு விரல்களைப் பார்த்துப் பிடித்தார். வாசிக்கும்போது, தந்தியில் சுரம் பிடிக்கிற என் இடது கையை விட்டுக் கண்ணை எடுப்பதே இல்லை. கேட்டுவிடலாம் என்று எத்தனையோ முறை வாயைத் திறந்து மூடியிருக்கிறேன். கேட்டால் உண்மையாகிவிடுமே.

ஒருநாள் புதுப் பாடகி வந்தாள். ஹோட்டல் மேனேஜர் முன்வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தார். பாட்டு எந்தச் சுருதியில் என்பதை மேடையில் நாங்கள் வாயால் சொல்வதில்லை, விரலால் காட்டுவோம். எத்தனை விரல், அது மேலே பார்க்கிறதா கீழே பார்க்கிறதா என்பதுதான் கணக்கு. பதினாலு வருஷமாகக் காட்டுகிறவர் அக்கா, பார்க்கிறவன் நான். பாடகிக்குத் தொண்டை கட்டியிருந்தது. ஒத்திகை பார்த்ததைவிடத் தாழ்ந்த சுருதியில், துணைக்கு யாரும் இல்லாமல் பாடத் தொடங்கிவிட்டாள். அக்கா பழைய சுருதியிலேயே போய்ச் சேர்ந்தார்.

கூடமே முகத்தைச் சுளித்தது. பாடகி திரும்பிப் பார்த்தாள். அக்கா கட்டைகளிலிருந்து கையை எடுத்துவிட்டார். அந்த முகத்தில் இருந்த பீதியை அதற்குமுன் நான் பார்த்ததில்லை. சட்டென்று மூன்று விரல்களைக் கீழே காட்டினேன். டிரம்ஸ்காரனைத் திரும்பிப் பார்த்தால், சுருதி எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்கிற அந்த ஆளும் என் கையைப் பார்த்து அக்காவுக்கு அதே மூன்று விரல்களை நீட்டிக்கொண்டிருந்தான். அவனிடம் நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை; அவனுக்கும் தெரிந்தே இருந்திருக்கிறது.

அக்கா சரியான சுருதிக்கு வந்து முடித்தார். கைதட்டினார்கள். பின்பக்க நடையில், அடுக்கி வைத்த நாற்காலிகளின் பக்கத்தில் என்னை நிறுத்தினார்.

"எப்பலேர்ந்துடா தெரியும்?"

"ஒரு வருஷமா."

"சொல்லித் தொலைக்கிறதுக்கு என்ன?"

"பயமா இருந்துச்சுக்கா."

"உனக்கென்னடா பயம்? காது என்னோடது." அடுக்கிலிருந்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "காலைல முழிச்சதும் மொதல்ல கையைத் தட்டிப் பாக்கறேன் ஏணி, கேக்குதான்னு. அவருகிட்டகூட சொல்லல. டாக்டர்கிட்ட போனா பேப்பர்ல எழுதிக் குடுத்துருவாங்க. அப்புறம் இல்லைன்னு சொல்ல முடியாது."

"நான் கூட வரேன்."

மறுவாரம் போனோம். கண்ணாடி வைத்த ஒரு சின்ன அறைக்குள் அக்காவை உட்காரவைத்து, காதில் கருவியை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். வெளியே சோதனை செய்யும் பெண்ணின் பக்கத்தில் எனக்கு ஒரு ஸ்டூல். அவள் ஒலி அனுப்பினால் அவள் முன்னால் இருந்த பெட்டியில் பச்சை விளக்கு எரியும். அக்கா கேட்டுப் பொத்தானை அழுத்தினால் சிவப்பு. முதலில் கீழ் ஒலிகள், ஒரே சீரான இடைவெளியில். பச்சை, சிவப்பு. பச்சை, சிவப்பு. நான் மூச்சு விட்டேன். மேல் ஒலிகளுக்குப் போனாள். அங்கேயும் பச்சை, சிவப்பு. ஒன்றுகூடத் தவறவில்லை. ஒரு வருஷமாகச் செத்துப் பிழைத்தது வீண்தானா என்று எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது.

அந்தப் பெண் ஏதோ குறித்துக்கொள்வதற்காகப் பெட்டியிலிருந்து கையை எடுத்தாள்.

சிவப்பு எரிந்தது.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். பச்சை அணைந்தே இருந்தது. மறுபடியும் சிவப்பு. கொஞ்சம் இடைவெளி, மறுபடியும் சிவப்பு. இம்மி பிசகாத தாளத்தில். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அக்கா கண்ணை மூடி, லேசாகப் புன்னகைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

"நான் எதுவுமே அனுப்பலையே சார். அவங்களுக்கு என்ன கேக்குது?"

"ஒண்ணும் கேக்கல" என்றேன். "தாளத்தை எண்ணிட்டிருக்காங்க."