வலிக்கவில்லை என்றாள் கிரெசென்சியா

கிரெசென்சியாவுக்குக் கனடா ஆப்பிள் தோட்டத்தில் வேலை வாங்கிக் கொடுத்தது அவள் புருஷன்தான். இருந்தவரை ஒரு ஜோடி செருப்பு வாங்கித் தராதவன், குடித்துவிட்டு லாரியில் அடிபட்டுச் செத்த பிறகு உபயோகப்பட்டான். பிள்ளைகளை விட்டுவிட்டு அங்கேயே தங்கிவிட மாட்டாள் என்பதால், விதவை என்றால் வேலை அலுவலகத்தில் உடனே எடுத்துக்கொள்வார்கள்.

மெக்சிகோவின் த்லாஸ்கலாவிலிருந்து பதினோரு பறிப்புப் பருவம் போய் வந்தாள். ஒவ்வொரு வருஷமும் முதலாளி வால்டர் அவளைப் பேர் சொல்லிக் கேட்பார். ஐம்பத்தொரு வயதுக்காரி போவதற்கு அது ஒன்றுதான் வழி.

பதினோராவது செப்டம்பரில், மழையில் நனைந்த ஏணி வழுக்கி வலது தோள் அடிபட விழுந்தாள். பக்கத்து வரிசையில் பறித்துக்கொண்டிருந்த ஓப்துலியா ஓடி வந்தாள்.

"அக்கா, முதலாளிகிட்ட சொல்லிடு. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவாரு."

"அங்கேர்ந்து நேரா ஏர்போர்ட்டுக்கு. போன வருஷம் முதுகு வலிக்குதுன்னவள எங்க ஏத்திவிட்டாங்கன்னு மறந்துட்டியா?"

"கையத் தூக்கவே முடியலியே உனக்கு."

"தூக்கி யாருக்கு டாட்டா காட்டப் போறேன்? வாய மூடிட்டுப் பறி."

இடது கையால் பறித்தாள். பறிப்பதில் தொல்லை இல்லை, கொட்டுவதில்தான். கழுத்தில் தொங்கும் பையை, பழம் சேர்க்கும் பெரிய மரப்பெட்டியின் அடிவரை இறக்கி, அடிப்பக்கத்தை அவிழ்த்து, பழம் முட்டை மாதிரி உருள விட வேண்டும். அதற்கு இரண்டு கையும் வேண்டும். அவள் மேலேயிருந்தே அவிழ்த்து விட்டாள். மறுநாள் பழமெல்லாம் கன்றிப் பழுப்பேறிக் கிடந்தது.

வால்டர் அவளைக் கூப்பிட்டு ஒரு பழத்தைக் காட்டினார். அரைகுறை ஸ்பானிஷில் கேட்டார்: "என்ன கிரெசென்சியா இது? உடம்பு சரியில்லையா?"

"நல்லா இருக்கேன் முதலாளி. ராத்திரி தூக்கம் சரியில்ல."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார், பழத்தைப் பார்த்தார், போய்விட்டார்.

பருவம் முடிந்ததும் ஆளுக்கொரு ஒட்டிய உறை கொடுத்தார்கள். முதலாளி எழுதியது. ஊரில் வேலை அலுவலகத்தில் பிரிக்காமல் கொடுக்க வேண்டும். பிரித்தவளுக்கு அடுத்த வருஷம் கிடையாது. விமானத்தில் அதை உள்பாவாடையில் செருகிக்கொண்டு வந்தாள்.

அலுவலகப் பையன் உறையைக் கிழித்துப் படித்தான்.

"வேலையில கவனமில்லன்னு எழுதியிருக்காரு. திரும்ப அனுப்ப வேண்டாமாம்." தலையைத் தூக்கினான். "ஏம்மா, அங்க அடி கிடி ஏதாவது பட்டுச்சா? பட்டிருந்தா அப்படியே எழுதிக்கறேன்."

அடிபட்டவளை எந்தத் தோட்டமும் கேட்காது என்று அவளுக்குத் தெரியும்.

"ஒண்ணும் படல. வேற தோட்டத்துக்காவது போட்டுக் குடுப்பா."

"நாப்பத்தஞ்சு தாண்டினா புதுசா போட முடியாதும்மா. பேர் சொல்லிக் கேட்டாத்தான்." கவனமில்லை என்றே பதிந்துகொண்டான். அடுத்த ஆளைக் கூப்பிட்டான்.

வெளியே வரிசையில் ஓப்துலியா தன் உறையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்னக்கா சொன்னான்?"

"அங்க ரூம்ல ஹீட்டர் பக்கத்துல இருக்கற என் கீழ்க் கட்டில இனிமே நீ எடுத்துக்க. போன உடனே துணியப் போட்டுடு. இல்லன்னா புதுசா வர்றவ எவளாவது பிடிச்சுக்குவா."