உபயமாக வந்த குப்பைத்தொட்டிகள்

சுற்றாடல் உத்தியோகத்தர் வேலை என்பது, ஊர் முழுக்கச் சரியென்று தலையாட்டும் ஒரு விசயத்தை ஊர் முழுக்கச் செய்யாமல் விடுவதைப் பக்கத்தில் நின்று பார்ப்பதற்குச் சம்பளம் வாங்குவது. எந்தப் பிரதேச சபை என்று கேட்காதீர்கள். அடுத்த மாதமும் நான் அங்கேதான் கையெழுத்து வைக்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் ஒரு சந்தை, ஒரு சனசமூக நிலையம், ஒரு குளம் உள்ள வட்டாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டு மதிலடியிலும் யாரோ ஒருவர் முடிச்சுப் போட்ட பையொன்றை வைத்துவிட்டு வானத்தைப் பார்த்தபடி போயிருப்பார். ஆகவே நீங்களும் என் கட்சிதான்.

குளத்துக்கு எதிரே ராணி அக்கா இருக்கிறார். வெங்காயத் தோட்டம், வீடு இரண்டுக்கும் அவருக்கு ஒரே கிணறு. எங்களுக்கு ஆறு கிடையாது. மழைத்தண்ணீர் குளத்தில் தேங்கி, சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால் இறங்கித்தான் கிணற்றுக்கு வரும். குளத்தில் நாங்கள் எறிவதும் கூடவே வரும். போன மாரிமழையோடு அக்காவின் கிணறு மணக்கத் தொடங்கிவிட்டது. குடிதண்ணீரைப் பிளாஸ்ரிக் கானில் காசுக்கு வாங்குகிறார். இந்த மாரிக்கு முன்னர் குளத்தைத் துப்புரவாக்காவிட்டால் கிணற்றை மூடிவிட்டு, தோட்டத்தையும் விட்டுவிட்டு, வவுனியாவில் மகள் வீட்டோடு போய் இருக்க வேண்டியதுதான். சபை பார்த்துக்கொண்டிருக்குமா? களத்தில் இறங்கியது.

பச்சை எழுத்துப் போர்ட்

முதல் வேலையாகக் குளக்கரையில் ஒரு போர்ட் நட்டோம். 'இங்கே குப்பை கொட்டுவது தண்டனைக்குரிய குற்றமாகும்'. எழுத்து என்ன நிறத்தில் இருக்க வேண்டும் என்று ஒரு கூட்டம் நடந்தது. சுற்றாடல் என்றபடியால் பச்சை என்று ஏகமனதாக முடிவாயிற்று. என்ன தண்டனை, யார் பிடிப்பது என்பதற்கெல்லாம் நேரம் போதவில்லை.

அதற்குப் பிறகு குப்பை கூடியது. ஒருநாள் காலையில் நானே ஒருவரைக் கையும் மெய்யுமாகப் பிடித்தேன். இஸ்திரி போட்ட சேட், மோட்டார் சைக்கிளில் இரண்டு பெரிய பை. ஓடுவார் என்று பார்த்தால், ஹெல்மெட்டைக் கழற்றி எனக்கு வணக்கம் வைத்தார்.

"குறை நினையாதேங்கோ மிஸ், இவ்வளவு நாளும் எங்கை கொட்டுறதெண்டு தெரியாமல் திரிஞ்சனான். உந்தப் போர்ட்டைக் கண்டாப் பிறகுதான் இடம் விளங்கினது."

விழிப்புணர்வு

சனம் விழிப்பாகத்தான் இருக்கிறது, எங்களுக்குத்தான் அது தெரியவில்லை. ஆனாலும் சனசமூக நிலையத்தில் ஒரு விழிப்புணர்வுக் கூட்டம் வைத்தோம். எங்கள் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியிலிருந்து, கம்பஸில், அதாவது பல்கலைக்கழகத்தில், படிப்பிக்கும் ஒரு விரிவுரையாளர் வந்து, பொலித்தீன் எத்தனை தலைமுறைக்கு உக்காது என்று படம் போட்டு விளக்கினார். எல்லோரும் 'அட கடவுளே' என்றார்கள். பிறகு மத்தியானச் சாப்பாடு வந்தது. லஞ்ச் சீற் என்ற பொலித்தீன் தாளில் சுற்றிய சோறு, அதைப் போட ஒரு பை, ஆளுக்கொரு தண்ணீர்ப் போத்தல், போத்தலில் 'பிளாஸ்ரிக்கைத் தவிர்ப்போம்' என்ற ஸ்ரிக்கர்.

நிலையத்துக்குப் பின்பக்கம் முழுக்க வாழைத்தோட்டம். இந்த வீதியால் நீர்வேலி வாழைக்குலை லொறி லொறியாகப் போகும். ஓர் இலை வெட்ட ஒருவருக்கும் கை வரவில்லை. எனக்கு வாய் சும்மா கிடவாது. சபையின் தலைவரான தவிசாளரிடம் மெல்லக் கேட்டேன். அவர் என்னை ஒரு பரிதாபத்தோடு பார்த்தார்.

"வாழையிலையிலை குடுத்தால், கம்பஸாலை வந்த மனுசன் எங்களைப் பஞ்சப்பட்டதுகள் எண்டெல்லே நினைக்கும், மிஸ்?"

சிரமதானம்

அந்தப் போத்தல்கள் மறுநாள் ஸ்ரிக்கரோடு குளத்தில் மிதந்தன. ராணி அக்கா ஒன்றைத் தடியால் இழுத்து எடுத்து என்னிடம் கொண்டுவந்து தந்தார். அன்றைக்கு எனக்கு வந்த வெட்கத்தில்தான் ஊர் கூடிக் குளத்தைத் துப்புரவாக்கும் சிரமதானத்துக்கு நாள் குறித்தேன்.

சனிக்கிழமை வெள்ளனவே சனம் வந்தது. இளைஞர் கழகம், மாதர் சங்கம், படம் எடுக்க இரண்டு பேர், படத்தில் நிற்க மிச்சப்பேர். ஆனாலும் பொய் சொல்லக்கூடாது, நன்றாகத்தான் அள்ளினார்கள். பம்பஸ், கோழி இறகு, உடைந்த கொமோட், யாரோ வீட்டுக் கலியாண அல்பம். எல்லாம் கரையில் ஒரு மலையாகக் குவிந்தது. மலைக்கு முன்னால் நின்று எல்லோரும் படம் எடுத்தோம். குளம் எவ்வளவு அழகானது என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஏற்றிக்கொண்டு போகச் சபையின் உழவு இயந்திரம் வரவில்லை. சாரதி யேசுதாசன் அண்ணை குருநகரில் தன் வீட்டில் இருந்தார். சனிக்கிழமை அவருக்கு லீவு. ஞாயிறு பூசை. திங்கட்கிழமை குப்பைமேட்டுப் பக்கத்துச் சனம் வாசலை மறித்துப் போராட்டம். செவ்வாய்க்கிழமை மேற்கிலிருந்து கச்சான் காற்று. புதன்கிழமை மலையில் பாதி திரும்பக் குளத்துக்குள். நான் யேசுதாசன் அண்ணையோடு சண்டைக்கே போய்விட்டேன். அவர் ஒரு கோபமும் இல்லாமல் வெற்றிலையைத் துப்பினார்.

"தங்கச்சி, அள்ளுறதுக்கு ஊரையெல்லாம் கூப்பிட்டனீங்கள். ஏத்துறதுக்கு என்னை ஆரும் கூப்பிட்டவையே?"

அதிபரின் தொட்டிகள்

தொட்டி இல்லாதபடியால்தான் சனம் குளத்தில் கொட்டுகிறது என்று சபையில் ஒருவர் கண்டுபிடித்தார். தொட்டி வாங்க வழியில்லை என்று இன்னொருவர் கண்டுபிடித்தார். அப்போதுதான் கனடாவிலிருந்து உபயம் வந்தது. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அதிபராக இருந்து காலமான ஒருவரின் மகன், தகப்பனின் நினைவாகச் சந்தைக்குப் பெரிய தொட்டிகள் செய்து தந்தார். உபயம் என்றால் பெயர் வேண்டாமா? பெயர் மட்டுமா, ஒவ்வொரு தொட்டியின் முகப்பிலும் அதிபரின் முழுவர்ணப் படம். கறுத்த கண்ணாடிச் சட்டம், இறுகிய வாய், வகுப்புக்குள் வந்து நின்ற அதே பார்வை. நாடா வெட்டி, மாலை போட்டு, தேவாரம் பாடித் திறந்து வைத்தோம்.

ஒரு கிழமையாகியும் தொட்டிக்குள் ஒரு கடலைக்கோது விழவில்லை. சந்தையில் கடை வைத்திருப்பவர்களில் முக்கால்வாசி அவரிடம் படித்தவர்கள். படித்தவர்கள் என்றால், அடி வாங்கியவர்கள். வெள்ளிக்கிழமை யாரோ தொட்டிக்குப் பூவும் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். குப்பையோ வழமைபோல் குளத்துக்கே போய்க்கொண்டிருந்தது. மரக்கறிக் கடைச் சிவம் அண்ணையிடம், கழித்த கோவா இலையையும் தண்டையும் தொட்டிக்குள் போட்டால் என்ன என்று கேட்டேன். அறுபது வயது மனிதர், தொட்டியைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"பிரின்சிப்பல் பார்த்துக்கொண்டு நிக்கிறார் பிள்ளை, அவரின்ரை தலைக்கு மேலாலை எப்பிடிப் போடுறது?"

மரியாதையான இடம்

இந்தப் பயமில்லாத ஒருவர் கடைசியில் வந்தார். பருத்தித்துறைப் பக்கமிருந்து வரும் மீன்காரர். அதிபரை அவருக்குத் தெரியாது. மீன்செதிளையும் குடலையும் கொண்டுபோய், தொட்டி எதற்காகச் செய்யப்பட்டதோ அதற்காகவே, தொட்டிக்குள் கொட்டினார். எங்கள் வட்டாரத்திலேயே சபை சொன்னபடி நடந்த முதல் மனிதர் அவர்தான். யாரோ அதைப் படம் பிடித்துக் கனடாவுக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே விடிந்ததும் விடியாததுமாகத் தவிசாளரின் தொலைபேசி அலறியது. ஐயாவின் முகத்தில் மீன்குடலா?

தொட்டிகளை உடனடியாக ஒரு மரியாதையான இடத்துக்கு மாற்றுவது என்று தீர்மானம் நிறைவேறியது. கடையில்லாத, மீனில்லாத, காற்றோட்டமான இடம் வேண்டும். ஊரில் அப்படி இருந்தது குளக்கரை ஒன்றுதான். மகன் வீடியோவில் பார்த்துக்கொண்டிருக்கத் தொட்டிகளை வைப்பதாக ஏற்பாடு. ஐயாவுக்குப் பின்னால் குப்பை தெரிந்தால் எப்படி? கெஞ்சியபோது வராத உழவு இயந்திரம் அச்சுவேலியிலிருந்து ஒரு ஜேசிபியையும் கூட்டிக்கொண்டு வந்தது. சனிக்கிழமை, ஞாயிற்றுக்கிழமை, பூசை நேரம் ஒன்றும் பார்க்கவில்லை. குளம் அடிமண் தெரியத் துப்புரவானது. நான் கரையில் நின்று வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். ராணி அக்கா வேலியால் எட்டிப் பார்த்து என்னைக் கூப்பிட்டார்.

"ஏன் பிள்ளை, என்ரை தண்ணியைக் கனடாவிலை ஆரும் குடிக்கிறதெண்டால், உந்த மெசின் முந்தியே வந்திருக்கும் என்ன?"

மாரி

அதற்குப் பிறகு குளத்தில் ஒருவரும் குப்பை போடவில்லை. கரை நெடுக அதிபர் வரிசையாக நின்று, வருகிற ஒவ்வொருவரையும் நேருக்கு நேர் பார்க்கிறார். பையோடு வருகிறவர்கள் பிரேக் பிடித்து, ஒரு கணம் நின்று, பையை வீட்டுக்கே திரும்பக் கொண்டுபோகிறார்கள். வீட்டுக்குப் போன குப்பைக்குப் போக்கிடம் வேண்டுமே, இப்போது வாசலில் சபையின் குப்பை வண்டிக்குக் காத்திருக்கிறார்கள். போர்ட்டும் கூட்டமும் சொல்லிக் கேட்காத சனம்.

மாரி வந்தது. குளம் நிரம்பியது. மழை விட்டதும் ராணி அக்கா வீட்டுக்குப் போனேன். பயமாகத்தான் இருந்தது. அவர் ஒரு வாளி அள்ளி, ஒரு செம்பில் ஊற்றி, தான் குடிக்காமல் என்னிடம் நீட்டினார். சபை ஆள்தானே முதலில் குடிக்க வேண்டும். குடித்தேன். மணம் இல்லை. குளிர்ந்த, நல்ல தண்ணீர். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அக்காவும் செம்பை வாங்கிக் குடித்துவிட்டு, வாசலில் இருந்த வெறும் தண்ணீர்க் கான்களை எடுத்து மாட்டுக்கொட்டிலுக்குள் எறிந்தார். மகளுக்குப் போன் எடுத்து, வவுனியாவுக்கு நான் வரவில்லை, வெங்காயம் நடப்போகிறேன் என்று சத்தமாகச் சொன்னார். இந்த வேலைக்கு வந்த பிறகு நான் உண்மையாகவே சந்தோசப்பட்ட நாள் அது.

அந்தச் சந்தோசத்தோடு தவிசாளரிடம் ஓடினேன். அவருக்கும் மெத்தச் சந்தோசம். வடக்குப் பக்கத்து வட்டாரத்துக் குளமும் நாறிக்கொண்டு கிடக்கிறது, அதையும் இப்படியே செய்துவிட வேண்டும் என்றார். எப்படி என்று கேட்டேன். கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, மேசைக்கு மேலால் குனிந்து மெதுவாகக் கேட்டார்.

"உங்கடை பக்கத்திலை ஏலாமல் படுத்துக் கிடக்கிற அதிபர்மார் ஆரும் இருக்கினமோ, மிஸ்? பிள்ளையள் வெளிநாட்டிலை இருந்தால் இன்னும் நல்லது."

குளத்தைப் பற்றிக் கூட்டத்தில் கதைக்க எங்கள் ஊரில் உயிரோடு எத்தனையோ பேர் இருக்கிறார்கள், அதைக் காப்பாற்றத்தான் செத்த ஒருவரைப் பிடிக்க வேண்டியிருக்கிறது.